கையெழுத்துப் போடுமுன்…

ஓய்வு பெற்ற என் அண்ணனின் சேமநிதிப் பணத்தைக் குறிவைத்து ஒரு முதலீட்டுக் கம்பெனிக்காரர் தோட்டத்துக்கே வந்தார். “இருபது வருடக் கம்பெனி” என்றார். அவர் தந்த தாளில் 12 இலக்கப் பதிவு எண் இருந்தது. 2019 முதல் வழங்கப்படும் இந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் கம்பெனி பதிவான ஆண்டைக் காட்டும். அங்கே இருந்ததோ 2022!

மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.மில், சிறு கட்டணம் கட்டினால் இயக்குநர்கள், பங்குதாரர்கள், மூலதனம் ஆகிய விவரங்கள் கிடைக்கும். வாங்கிப் பார்த்தோம். மூலதனம் நூறு வெள்ளி! அண்ணன் பேனாவை மூடிவிட்டார்.

ஒன்றை மறவாதீர்கள். பதிவு என்பது பிறப்புப் பத்திரம் போன்றது. நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதற்கு பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். அதையும் கேளுங்கள். பாடுபட்டுச் சேர்த்த பணம், கேட்பதில் வெட்கமென்ன?