துப்பாக்கியும் ஓர் அமானிதம்

1984 ஜூன் மாதத்தில் ரமழான் வந்தது. நீலகிரியின் வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தில் நாங்கள் புதிதாகச் சேர்ந்திருந்த காலம் அது. எங்கள் அணியில் நோன்பு நோற்றவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. இராணுவத்தில் பயிற்றுநரை 'உஸ்தாத்' என்றே அழைப்பார்கள். எங்களுக்கு ஓதிக்கொடுத்தவரை அழைத்த அதே சொல்லால் ஒரு ஹவில்தாரை அழைக்க முதலில் நாக்குக் கூசியது, பிறகு பழகிவிட்டது.

எங்கள் கைக்கு வந்தது இஷாப்பூரில் தயாரான 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும். அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். குழலிலிருந்து பிரியும் வெடிவாயு பிஸ்டனைப் பின்னே தள்ளுவதால் இது நடக்கிறது. துப்புரவின் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. பிரீச் பிளாக்கும் அது ஓடும் தடங்களும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சைக் கேட்கும். பிஸ்டனும் அதன் குழாயும் உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் பட்டால் சூட்டில் கருகிக் கரியாகப் படிந்து, துப்பாக்கி திக்கும்.

முதலில் மேகசினைக் கழற்றி, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். பிறகே பாகங்களைப் பிரிக்கலாம். புல்துரூ கயிற்றில் துணித்துண்டைக் கோத்து, அறைப் பக்கமிருந்து வாய்ப் பக்கம் இழுக்க வேண்டும். சுட்ட நாளில் மட்டுமன்றி அடுத்த இரு நாட்களும் இழுக்க வேண்டும் என்பது எங்கள் உஸ்தாதின் கட்டளை. வெடிமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். வெலிங்டனிலோ ஜூன் மாதம் முழுவதும் மூடுபனி.

சுட்டுப் பழகிய மறுநாள் மாலை, மஃரிபுக்குச் சில நிமிடங்களே இருந்தன. கயிற்றைத் தொடாமலேயே, வெளிப்புறத்தை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்தோம். "குழல் இழுத்தாயிற்றா?" என்று உஸ்தாத் கேட்டார். "இழுத்தாயிற்று, உஸ்தாத்" என்றோம், இருவரும் ஒரே குரலில். துப்பாக்கிகள் ஆயுத அறைக்குப் போயின. நாங்கள் பேரீச்சம்பழத்தை நோக்கி ஓடினோம்.

பொய்யை விடாத நோன்பாளியின் பசியும் தாகமும் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற நபிமொழியைச் சிறு வயதிலேயே கேட்டவர்கள் நாங்கள். வாயில் பழம் இனித்தபோது அது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகும்.

மறுநாள் உஸ்தாத் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே பழுப்பாகத் துரு பூத்திருந்தது. நாங்கள் தண்டனையை எதிர்பார்த்து நின்றோம்.

"நோன்பு வைத்திருக்கிறீர்களா?"

"ஆம், உஸ்தாத்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஓடச் சொல்லியிருந்தால் மகிழ்ச்சியோடு ஓடியிருப்போம்.

அன்று நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தோம். முதல் துணிகள் பழுப்பாகவே வந்தன. வெள்ளையாக வந்தது எத்தனையாவது துணி என்று நாங்கள் எண்ணவில்லை. அதுவரை உஸ்தாத் தம் சாப்பாட்டுக்குப் போகாமல், எங்களுக்காக விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.