மணலுக்குள் ஒரு சத்தம்

குனோங் ராபாட்டில் கடல் இல்லை. சுண்ணாம்புக்கல் மலைகளும் குகைக் கோயிலும் ஹியோங் பியா கடைகளும்தான் உண்டு. அதனால், மெட்டல் டிடெக்டரைக் காரில் போட்டுக்கொண்டு மாதம் ஒரு ஞாயிறு தெலுக் பாத்திக் கடற்கரைக்கு நான் கிளம்பினால் பக்கத்து வீட்டு மாமா சிரிப்பார். "ஈயம் விளைஞ்ச மண்ணை விட்டுட்டு அங்க என்னடா தேடுற?"

ஈயத்தாதுக்கு என் கருவி வாய் திறக்காது. கருவியின் சுருளிலிருந்து பரவும் காந்தப்புலம், புதைந்த உலோகத்தில் சிறு மின்னோட்டத்தை எழுப்பினால்தான் காதில் சத்தம் கேட்கும். தாதுவோ ஆக்சைடு, மின்சாரத்தை எளிதில் கடத்தாது. கிந்தா பள்ளத்தாக்கில் அதைக் கையாலேயே கண்டுபிடித்தவர்கள் டூலாங் பெண்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள். உரிமம் வாங்கி, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து மரத்தட்டைச் சுழற்றுவார்கள். மணலைவிட இரண்டரை மடங்கு கனமான தாது அடியில் தங்கிவிடும். அவர்களுக்கு அது சோறு. 1985இல் ஈயச் சந்தை சரிந்து லம்பங்கள் மூடப்பட்டன. எனக்கு இது வெறும் பொழுதுபோக்குதான்.

கிடைப்பதும் அப்படித்தான்: பானக் குவளைகளின் மூடி வளையங்கள், 2005 டிசம்பரில் செல்லாமற்போன ஒரு வெள்ளிக் காசு. குப்பைச் சத்தத்தை ஒதுக்கிவிடலாமே என்பீர்கள். முடியாது. மூடி வளையமும் தங்கமும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் எழுப்பும். எல்லாவற்றையும் தோண்டியே ஆகவேண்டும்.

ஒருநாள் ஓர் அண்ணன் ஓடி வந்தார். "தம்பி, இது தங்கத்தைக் காட்டுமா?" அவர் மனைவியின் தாலி அலையோரத்தில் அறுந்து விழுந்திருந்தது. அந்த அக்கா கழுத்தைக் கையால் மூடியபடி நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் அதற்குள் இளைய மகனைச் சித்தியவானுக்கு மஞ்சள் கயிறு வாங்க அனுப்பிவிட்டார்.

உப்பு நீரில் ஊறிய மணல் தானாகவே பொய்ச் சத்தம் போடும். மெல்லிய சங்கிலியோ கண்ணி கண்ணியாக இருப்பதால் கருவிக்கு இருப்பதே தெரியாது. தாலிப் பொட்டை மட்டும்தான் நம்பினேன். இரண்டு மணி நேரத்தில் பதினேழு மூடி வளையங்கள். அலை ஏறிக்கொண்டிருந்தது. பதினெட்டாவதும் அதே சத்தம். தோண்டினேன், பொட்டு.

மாமியார் அதைக் கடல்நீரிலேயே அலசி, கயிற்றில் கோத்து மகன் கையில் கொடுத்தார். அவர் அங்கேயே கட்டினார். ஈரக் கையோடு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தங்கத்தின் எடையெல்லாம் அந்தச் சங்கிலியில்தான். அதைத் தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.