முன்பணம் வாங்கித் தரும் நேரம்

தென்சென்னையில் உள்ள அந்த ஸ்கிரீன் பிரின்டிங் பட்டறையில் அச்சு மேசைக்கு மேலே மின்விசிறி கிடையாது. காற்று பட்டால் ஸ்கிரீன் துணியிலேயே மை காய்ந்து நுண்ணிய கண்களை அடைத்துவிடும். வியர்வை தாளில் சொட்டாமலிருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு இருவர் நின்றபடியே வேலை செய்கிறார்கள். ஒருவர் தாளை மூலைக்குறிக்குப் பொருத்தி வைக்கிறார். மற்றவர் பிரேமை இறக்கி, ரப்பர் பட்டை பொருத்திய கட்டையால் மையை ஒரே அழுத்தத்தில் இழுக்கிறார். பிரேமைத் தூக்கினால் தாளில் நீல யானையின் உடம்பு மட்டும் இருக்கிறது. கண்ணும் தந்தமும் வேறொரு ஸ்கிரீனில், வேறொரு நாளில் வரும்.

நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். ஒளி பட்டால் இறுகும் எமல்ஷனைத் துணியில் பூசி இருட்டில் காயவைக்கிறார்கள். படம் உள்ள பிலிமை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். வெளிச்சம் படாத இடம் தண்ணீரில் கரைந்து வழிவிடுகிறது. மை அந்த வழியாகத்தான் தாளுக்கு இறங்கும். முதல் நிறம் முழுக்கக் காயாமல் அடுத்ததைத் தொட முடியாது. பருத்திக் கழிவில் செய்த கைத்தாள் ஈரக்காற்றில் லேசாக விரியும். அதனால் அடைமழை நாளில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. அப்போது வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான்.

மை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் கல்யாணப் பத்திரிகை அடித்தே இந்தத் தொழிலுக்கு வந்தவர். “ஆடியும் மார்கழியும் எங்களுக்குப் பட்டினி மாசம் சார். முகூர்த்தம் இல்லேன்னா பத்திரிகை இல்ல. இப்ப முகூர்த்தம் இருந்தாலும் பாதிப் பேரு வாட்ஸ்அப்ல அனுப்பிச்சிடுறாங்க” என்றார். பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை.

அன்று மேசையில் இருந்தது ஓர் இளம் ஓவியரின் படப்புத்தகம். 500 பிரதிகள். பின்னால் பதிப்பகமோ வங்கிக் கடனோ இல்லை. கூட்டு நிதி திரட்டலில் வாசகர்களே முன்கூட்டிப் பணம் கட்டியிருந்தார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்று மேசையருகே நின்றால் தெரியும். ஒரு பிரதிக்கு 8 தாள். தாளின் இரு புறமும் அச்சு. புறத்துக்கு 3 நிறம். ஆக, பிரதிக்கு 48 இழுப்பு, 500 பிரதிக்கு 24,000 இழுப்பு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் மடிப்பும் தையலும். தாள், மை, கூலி எல்லாம் முதல் பிரதி விற்பதற்கு முன்பே செலவாகிவிடுகின்றன. தனி ஆளாக இயங்கும் வடிவமைப்பாளர் பலர் தடுக்கி விழுவது இந்த இடைவெளியில்தான். முன்பணம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. கைத்தொழிலுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேவைப்படும் நேரத்தை அது வாங்கித் தருகிறது.

இதற்குச் சென்னையிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1994இல் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் பதிப்பகம், கைத்தாளில் ஸ்கிரீன் பிரின்ட் செய்த ‘தி வெரி ஹங்கிரி லயன்’ நூலின் மாதிரிப் பிரதியை பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனது. கனடாப் பதிப்பகம் ஒன்று அதே முறையில் 8,000 பிரதிகள் கேட்டது. அந்த ஆர்டரைக் கையாலேயே செய்து முடிக்கச் சேர்ந்த உழைப்புதான் பின்னர் சி. ஆறுமுகத்தின் ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் பட்டறையாக நிலைபெற்றது. கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரும் வரைந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கறுப்புத் தாளில் இப்படிக் கையால் அச்சான நூல். 2008இல் அது போலோனியா ரகாஸி விருது பெற்றது. ஒரு கண்காட்சி, ஒரு முன்கூட்டிய ஆர்டர், அதன் பயனாக நிலையான ஒரு பட்டறை.

இன்னும் பின்னே போனால் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் பாட்டிக் துணிகளும் பிற கைவினைப் பொருட்களும் செய்து, கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு கடலோரத்தில் நிலம் வாங்கி 1966இல் தங்களுக்கென்று ஒரு கிராமத்தை அமைத்துக்கொண்டார்கள். குஜராத்தில் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் போட்டு 1976இல் ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ படத்தை எடுக்கவைத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

ஆனால் பணம் திரண்டதுமே பொறுப்பு தொடங்குகிறது. 2009இல் தொடங்கிய கூட்டு நிதித் தளமான கிக்ஸ்டார்ட்டரின் விதி எனக்குப் பிடித்தது: குறித்த இலக்கை எட்டாவிட்டால் யாரிடமிருந்தும் பணம் எடுக்கப்படாது. அரைகுறைப் பணத்தில் வேலையைத் தொடங்கி, மீதிக்குக் கூலியில் கைவைக்கும் நிலையை அது தடுக்கிறது. காலக்கெடுவைக் காக்க அப்படி ஒரு விதி இல்லை. மூன்று மாதத்தில் அனுப்புவதாக ஓவியர் வாக்குக் கொடுத்துவிட்டால், மழையில் போன நாட்களை ஈடுகட்ட இரவில் விழிப்பவர் பட்டறைக்காரர்தான்.

பின்கட்டில் பைண்டிங் வேலை நடந்தது. மடித்த தாள்களை அடுக்கி, முதுகில் ஊசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், கண்காட்சிகளுக்குப் போனதுண்டா என்று கேட்டேன். “ஒரு தடவ கூட்டிட்டுப் போனாங்க. தைச்சுக் காட்டுனேன். அதுவரைக்கும் விலை ஜாஸ்தின்னு சொன்னவங்க, பாத்ததுக்கு அப்புறம் வாங்கிட்டுப் போனாங்க” என்றார்.

கண்காட்சிகளின் பயன் இதுதான். திரையில் ஒரு புத்தகத்தின் விலை 900 ரூபாய் என்பது வெறும் எண். ஊசி ஏறி இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்த எண்ணின் பொருள் புரிகிறது. ஆகவே கடை வாடகை கொடுத்துப் பொருளை மட்டும் அடுக்கி வைப்பது போதாது. செய்பவரும் அன்றைய கூலியோடு அங்கே உட்கார வேண்டும்.

நிதி கேட்டு வரும் வடிவமைப்பாளர்களிடம் மூன்றை வேண்டுகிறேன். பட்டறையின் கூலி எவ்வளவு என்பதைச் செலவுக் கணக்கில் தனி வரியாகக் காட்டுங்கள். அச்சு வேலையை ஆடி மாதத்துக்கு வருமாறு திட்டமிடுங்கள். அச்சிட்டவர், தைத்தவர் பெயர்களை நூலின் கடைசிப் பக்கத்தில் போடுங்கள். முன்பணம் கட்டுகிற நாமும் அட்டைப்படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கூலி வரியைத் தேடிப் பார்ப்போம். அது இருக்கும் திட்டத்துக்கு, புத்தகம் ஒரு மாதம் தாமதமானாலும், மனமாரப் பணம் கொடுக்கலாம்.