துண்டு போடும் மான்

கனடாவில் இருக்கும் என் மச்சான் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். வீட்டு வாசலில், கார் பக்கத்தில், பனியில் ஒரு மூஸ். ஆறடிக்கு மேல் உயரம், ஐந்நூறு அறுநூறு கிலோ, நம்மூர் எருமைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. கீழே ஒரு வரி: “என்ன மாப்ளே, கீழ்வேளூர்ல இப்படி ஒண்ணு காட்டு பார்ப்போம்!”

மானம் போகிற விஷயம் இல்லையா? அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், அப்புறம் கோடியக்கரை. வேதாரண்யத்தில் என் காலேஜ் சிநேகிதன் பைக்கோடு காத்திருந்தான்.

நம்ம கையிருப்பு வெளிமான். 1967-ல் கோடியக்கரை சரணாலயம் ஏற்பட்டதே இதற்காகத்தான். ஆண் மான் மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, தலையில் முறுக்கின கொம்பு. கோட்டு போட்ட வக்கீல் தோற்றார்! பெண்ணுக்குப் பழுப்பு நிறம்.

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், மூஸின் கொம்பு வருஷா வருஷம் ரைட்-ஆஃப் ஆகிற சரக்கு. குளிர்காலத்தில் விழுந்துவிடும், வசந்தத்தில் புதுசாக முளைக்க ஆரம்பிக்கும். வெளிமான் கொம்பு ஃபிக்சட் அசெட். ஆயுசுக்கும் ஒரே ஜோடி, உதிர்வதே இல்லை. அதனால் கண்டிப்பாகப் பார்த்தால் இது மானே இல்லை, ஆடு மாடு வகையறா. இதை மச்சானிடம் சொல்லவில்லை.

ஒரு கறுப்பன் தனியாக நின்றுகொண்டிருந்தான். காலடியில் புழுக்கைக் குவியல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டு, ‘இது என் ஏரியா’ என்று எல்லை காட்டுவானாம். நாகப்பட்டினம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறோமே, அதேதான். துண்டு மட்டும் வேறு.

இந்தப் பிராணிக்கு மறைந்து வாழத் தெரியாது. தூரத்திலேயே ஆபத்தைப் பார்க்கணும், பார்த்ததும் ஓடணும். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வரை ஓடக் கால் இருக்கிறது; ஓட வெளி வேண்டாமா? பேரிலேயே வெளி இருக்கிறது. அந்த வெளியைத்தான் சீமைக் கருவேலம் தின்றுகொண்டு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் காய் இனிப்பு. மானும் அங்கே திரிகிற காட்டுக் குதிரைகளும் ஆசையாகத் தின்கின்றன. விதை சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. தன் வீட்டுக்குத் தானே வேலி நட்டுக்கொள்கிற ஜீவனை அங்கேதான் பார்த்தேன். மனசு என்னமோ செய்தது.

கஜா புயல் வேறு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததே, அதில் சிநேகிதன் வீட்டுத் தென்னை முழுக்கச் சாய்ந்தது. “எங்களுக்காவது நிவாரணம்னு மனு போட ஒரு இடம் இருந்துச்சு. செத்த மானுக்கு யார்டா மனு போடறது?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. வேதாரண்யத்துக்காரன் புயலைப் பற்றிப் பேசும்போது கீழ்வேளூர்க்காரன் வாயை மூடிக்கொண்டிருப்பதே மரியாதை.

திரும்பும்போது ஓரிடத்தில் பைக்கை நிறுத்தினான். முள்மரம் வெட்டின அடிக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் மழைக்குப் பச்சையாகத் துளிர்.

“நாம படிச்சப்போ இங்கே நின்னா அந்தக் கோடி வரைக்கும் மேயறது தெரியும்டா” என்று கையை நீட்டினான். நீட்டின திசையில் முள்காடுதான் தெரிந்தது. உள்ளே ஏதோ சரசரவென்று ஓடியது. மானா, குதிரையா, தெரியவில்லை.