காயலாங்கடைக்குப் போகாத டிராக்டர்கள்

செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு வந்தாச்சு. காஸ்ட் அக்கவுண்டிங் எப்படி எழுதினேன்னு யாரும் கேட்காதீங்க :-)

ஊருக்கு வந்த முதல் நாளே அப்பா ஒரு வேலை கொடுத்தார். "நீதான் பி.காம் படிக்கிறியே, அந்த வண்டியை எவ்வளவுக்குத் தள்ளலாம்னு ஒரு கணக்கு போட்டுக் கொடுடா." அந்த வண்டின்னா தாத்தாவோட மேசி 1035. 1986-ல வாங்கினது. தாத்தா போன பிறகு ஆறு வருஷமா கொட்டகையில நிக்குது. கோழி குடித்தனம் பண்ணுது. தங்கச்சிக்கு இந்த வருஷம் ஹாஸ்டல் பணம் கட்டணும். காயலாங்கடைக்காரர் வந்து சுத்திப் பார்த்துட்டு கிலோ கணக்குல ஒரு விலை சொல்லிட்டுப் போயிருக்கார். முப்பது வருஷம் எங்க வீட்டுக்குச் சோறு போட்ட வண்டிக்கு கிலோ கணக்கு!

சரி, பழைய டிராக்டருக்கு உலகத்துல என்னதான் மதிப்புன்னு தேடிப் பார்ப்போம்னு இணையத்துல உட்கார்ந்தேன். எங்கேயோ ஆரம்பிச்சு அமெரிக்காவுல போய் மாட்டிக்கிட்டேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

அமெரிக்காவுல ஒஹாயோ, இல்லினாய், அயோவா மாதிரி விவசாய மாநிலங்கள்ல 'டிராக்டர் புல்லிங்'னு ஒரு போட்டி இருக்கு. ரேஸ் இல்லை. யார் வேகமாப் போறாங்கன்னு பார்க்க மாட்டாங்க, யார் அதிக தூரம் இழுக்கிறாங்கன்னுதான் பார்ப்பாங்க. 300 அடி, அதாவது சுமார் 91 மீட்டர் இழுத்துட்டா முழு இழுவை. ஒண்ணுக்கு மேற்பட்டவங்க முழுசா இழுத்துட்டா அவங்களுக்குள்ள மறுபடி போட்டி.

இழுக்கிற பொருள்லதான் சூட்சுமம் இருக்கு. 'ஸ்லெட்'னு ஒரு வண்டி. பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் தரையில தேய்க்கிற இரும்புத் தட்டு. கிளம்பும்போது எடைப்பெட்டி பின்னாடி சக்கரத்து மேல இருக்கும், அதனால லேசா நகரும். வண்டி நகர நகர பெட்டி முன்னாடி ஏறி வந்து, மொத்த எடையும் அந்தத் தட்டு மேல உட்காரும். போகப் போக பாரம் கூடிக்கிட்டே போகும். இந்த வண்டி வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க தெரியுமா? பாதை ஓரமா ஆட்களை வரிசையா நிக்க வச்சு, பலகை கிட்ட வர வர ஒவ்வொருத்தரா அது மேல ஏறிக்குவாங்களாம்! 1969-ல தேசிய டிராக்டர் புல்லர்ஸ் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்ச பிறகுதான் மாநிலத்துக்கு மாநிலம் வேற வேறயா இருந்த விதிகள் ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு.

பெரிய போட்டியில நாலஞ்சு இன்ஜின் வச்ச அசுரனுங்க வரும். எனக்குப் பிடிச்சது அது இல்லை, பழைய டிராக்டர் பிரிவு. 1939-லிருந்து 1952 வரைக்கும் வந்த ஃபார்மால் எம், ரெண்டே சிலிண்டர் வச்சு 'பொப் பொப்'னு அடிக்கிற பழைய ஜான் டியர்னு நம்ம தாத்தாக்கள் வயசு வண்டிங்க. அதை ஓட்டுறவங்களும் பல பேர் தாத்தாக்கள்தான்.

இந்தக் கிழட்டு இன்ஜின்ல என்ன வேலை பண்றாங்க?

முதல் வேலை, சிலிண்டரைப் பெருசாக்குறது. ஃபார்மால் எம்-க்கு சிலிண்டர் விட்டம் 3.875 அங்குலம், ஸ்ட்ரோக் 5.25 அங்குலம், நாலு சிலிண்டர். பெருக்கிப் பார்த்தா 248 கன அங்குலம். அதோட தம்பி சூப்பர் எம்-க்கு விட்டம் 4 அங்குலம், 264 கன அங்குலம். பின்னாடி வந்த ஃபார்மால் 450-க்கு 4.125 அங்குலம், 281. ஸ்ட்ரோக் மூணுக்கும் ஒண்ணுதான். அதனால தம்பிங்களோட லைனரையும் பிஸ்டனையும் அண்ணனுக்கு மாட்டிடறாங்க. விட்டத்துல கால் அங்குலம் கூடினதுக்கு கொள்ளளவு 13 சதவீதம் கூடுது. (விட்டத்தோட வர்க்கம்ல, அதான். பத்தாம் வகுப்பு கணக்கு வாத்தியார் வாழ்க!)

ரெண்டாவது, அழுத்தம். அந்தக் காலத்துல நிறைய டிராக்டர்கள் மண்ணெண்ணெய் மாதிரி மட்டமான எரிபொருள்ல ஓடினதால, இன்ஜின் தட்டக்கூடாதுன்னு கம்ப்ரஷனைக் குறைச்சே வச்சிருந்தாங்க. இன்னைக்கு நல்ல பெட்ரோல் கிடைக்குது. ஹெட்டை லேத்ல கொடுத்துச் சீவி, உயரமான பிஸ்டன் போட்டு கம்ப்ரஷனை ஏத்துறாங்க. மூணாவது, மூச்சு. வால்வு பெருசு, வால்வு அதிக நேரம் திறந்திருக்கிற மாதிரி கேம் ஷாஃப்ட், பெரிய கார்புரேட்டர். நாலாவது, கவர்னர் ஸ்பிரிங்கை மாத்தி வேகத்தைக் கூட்டுறது. எம்-ஓட சொந்த வேகம் நிமிஷத்துக்கு 1450 சுத்து.

இந்த நாலாவதுலதான் ஆபத்து. சுத்து ரெண்டு மடங்கானா ஃப்ளைவீல்ல வர்ற இழுவிசை நாலு மடங்காகும். பழைய வார்ப்பிரும்பு அதைத் தாங்காம வெடிச்சா துண்டுங்க குண்டு மாதிரி பறக்கும். அதனால விவரமானவங்க வார்ப்பிரும்பைக் கழட்டிட்டு உருக்கு ஃப்ளைவீல் போட்டு, சுத்தி கவசமும் போடுறாங்க. வண்டிக்குப் பின்னாடி ஒரு வளையம் இருக்கும், அதுல ஸ்லெட்டோட கயிற்றை மாட்டிடுவாங்க. சங்கிலி அறுந்தா வளையம் பிடுங்கிக்கிட்டு இன்ஜின் தானா நின்னுடும்.

இவ்வளவு பண்ணாலும் பின் டயர் மண்ணைப் பிடிக்கலைன்னா எல்லாம் வேஸ்ட். இழுக்கும்போது பாரம் பின் சக்கரத்துக்குப் போகும், முன் சக்கரம் தூக்கும். முன் சக்கரம் தரையை விட்டு லேசா மிதக்கிற அளவுக்கு எடைக்கட்டிகளை மாட்டுறதுதான் கைவண்ணம். இது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதே இல்லை. கரும்பு லோடு ஏத்தினா எங்க மேசி முன்னங்காலைத் தூக்கும். நானும் சித்தப்பா பையனும் ஓடிப்போய் முன் பம்பர்ல உட்காருவோம். தாத்தா திட்டிக்கிட்டே ஓட்டுவார். (யாரும் செய்யாதீங்க. நாங்க உயிரோட இருக்கிறது அதிர்ஷ்டம்.)

இப்போ காமர்ஸ் மாணவனா ஒரு கேள்வி. வண்டி விலையை விட அதுக்குப் பண்ற வேலைக்கு செலவு அதிகம். ஜெயிச்சா கிடைக்கிறது பெரும்பாலும் ஒரு கோப்பை. எந்தக் கணக்குப் புத்தகத்துல இது நியாயம்? நேர்கோட்டு முறையில தேய்மானம் போட்டா இந்த வண்டியெல்லாம் எப்பவோ பூஜ்யம். ஆனா குறைந்து செல் மதிப்பு முறையில போட்டா, மதிப்பு குறைஞ்சுக்கிட்டே போகுமே தவிர பூஜ்யத்தைத் தொடவே தொடாது. அந்த அமெரிக்கத் தாத்தாக்கள் எல்லாரும் ரெண்டாவது கட்சி போல!

அங்கேயும் சண்டை உண்டு. கம்பெனியில வந்த மாதிரியே வச்சிருக்கணும், வெட்டி ஒட்டுறது பாவம்னு ஒரு கூட்டம். ஓடாம பளபளன்னு நிக்கிறதுக்கு பேர் டிராக்டரான்னு இன்னொரு கூட்டம். நான் ரெண்டாவது கூட்டம்னு முடிவு பண்ணி, எங்க வண்டியைப் பார்த்துக்கிட்டு வந்த மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன்.

அவர் கோழியை விரட்டிட்டு, டீசல் பம்ப்பைத் துடைச்சுப் பார்த்தார். சிரிச்சார். "தம்பி, இங்க ஒரு சீல் இருக்கணும். உங்க தாத்தா உடைக்கச் சொன்னார். கரும்பு சீசன்ல வண்டி இழுக்கலைன்னு டீசலை ஏத்தி வைக்கச் சொன்னார். நான்தான் வச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காத்து கூடாம டீசலை மட்டும் கூட்டினா என்ன ஆகும்? இழுவை கூடும், கரும்புகை வரும், சூடு ஏறும். ஹெட்ல விரிசல், ரிங் தேய்மானம். வண்டி நின்னு போனதுக்குக் காரணமே அதுதான். அந்த சீசன் எந்த வருஷம்னு கேட்டேன். அவர் சொன்ன வருஷம், எங்க அத்தைக்குக் கல்யாணம் ஆன வருஷம்.

தாத்தா போட்டிக்காக இழுக்கலை. ஆனா அவருக்கும் போகப் போகப் பாரம் கூடிக்கிட்டேதான் இருந்திருக்கு.

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட ஒரு தாள் கொடுத்தேன். ஒரு பக்கம் காயலாங்கடை விலை. இன்னொரு பக்கம் லைனர் செட், பழைய ஹெட்டுக்குப் பதில் வேற ஹெட், பம்ப் சர்வீஸ், ரெண்டு டயர், அதுக்கு எதிரே பக்கத்துக் காட்டுக்காரங்களுக்கு மணிக்கணக்குல ஓட்டினா வர்ற வாடகை. டிரெய்லர் மட்டும் போதும், அதை வித்தா ஹாஸ்டல் பணம் வந்துடும்னு அடியில எழுதினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். அத்தை கல்யாண விஷயம் அவருக்கு முன்னாடியே தெரியும்போல, அதைப் பத்தி ஒண்ணுமே கேட்கலை.

"ஒரு வருஷம் டைம். கணக்கு நோட்டு நீதான் எழுதணும்"னார்.

டிரெய்லர் போயிடுச்சு. இன்ஜின் லேத் பட்டறையில இருக்கு. மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: டீசலைக் கம்பெனி அளவுக்கே இறக்கி வச்சு, திரும்ப சீல் வச்சுடுங்க. அது இழுக்க வேண்டியதை இழுத்துடுச்சு.

பி.கு: கோழிக்கு வேற வீடு பார்த்தாச்சு. கவலை வேண்டாம் :-)