இஸ்தான்புல்லில் தொங்கும் ரொட்டி!

‘‘அறுபத்து நாலு வயசுல தனியாவா?’’

கடலூரைச் சேர்ந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, விமானம் ஏறுவதற்கு முந்தைய ஒரு மாதம் இந்தக் கேள்வியைக் கேட்காத நாளே இல்லை. மகள் கேட்டாள். நாத்தனார் கேட்டார். பால் போடுகிறவர்கூட விட்டுவைக்கவில்லை. கணவர் போய், தலைத் திவசமும் முடிந்திருந்தது. இஸ்தான்புல், இருவரும் சேர்ந்து போகலாமென்று பேசி வைத்திருந்த ஊர். ‘‘அவர் இருந்திருந்தா போயிருப்போம்ல? அப்புறம் என்ன?’’ என்பதுதான் எல்லோருக்கும் அவர் சொன்ன ஒரே பதில்.

பயமெல்லாம் ஊரைப் பற்றியல்ல, சாப்பாட்டைப் பற்றித்தான். அவர் சைவம். கபாபுக்குப் பேர்போன ஊரில் பத்து நாள் எப்படி ஓட்டுவது? புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல் என்று பெட்டியில் பாதி சமையலறையே இருந்தது.

இரண்டாம் நாளே பெட்டியைத் திறக்கும் தேவை போய்விட்டது. ‘மெர்ஜிமெக் சோர்பா’ என்று தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. வேறொன்றுமில்லை, நம் மைசூர் பருப்பை வேகவைத்துக் கடைந்த சூப். மேலே எலுமிச்சை பிழிந்து, கூடவே ரொட்டி. காய்ச்சலில் படுத்தவருக்கு அம்மா கொடுக்கும் பருப்புத் தண்ணீரின் தூரத்து உறவு! ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சில கடைகளில் இதை இறைச்சி வேகவைத்த சாற்றில் செய்வார்கள். ‘எத் சுயு வார் மி?’ என்று கேட்டுவிட்டால் போதும், உண்மையைச் சொல்லிவிடுவார்கள். காலையில் எள் தூவிய வளைய ரொட்டி ‘சிமித்’, கூடவே இடுப்பு ஒடுங்கிய குட்டிக் கண்ணாடித் தம்ளரில் பால் இல்லாத தேநீர். நம் டிகாஷன் காபி நாக்குக்கு இதுமட்டும் கடைசிவரை பழகவில்லை.

நான்காம் நாள் எமினோனு படகுத்துறையில் ஏறி, பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து உஸ்குதாரில் இறங்கினார். ஐரோப்பாவில் ஏறி ஆசியாவில் இறங்குகிறோம் என்பதைத் தவிர, நம்மூர் டவுன் பஸ்ஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றுக்கும் ‘இஸ்தான்புல்கார்ட்’ என்ற ஒரே அட்டைதான்.

துறையை விட்டு வெளியே வந்ததும் எண்ணெய் காயும் வாசனை. ஒரு வேன், அதன் முன்னால் நீண்ட வரிசை. புளித்த மாவைச் சின்ன உருண்டைகளாகப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் போட்டு, காகிதக் கிண்ணத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘லொக்மா’. கடை என்று நினைத்து இவரும் நின்றார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பணத்தை நீட்டினார்.

அந்த இளைஞன் நெஞ்சில் கை வைத்து, ‘‘ஹயிர், தெய்ஸே’’ என்றான்.

‘தெய்ஸே’ என்றால் அம்மாவின் சகோதரி. பெரியம்மா, சித்தி என்று நாம் கூப்பிடுவதுபோல வயதான பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ‘ஹயிர்’ என்றால் ‘வேண்டாம்’. மறுபடி நீட்டினார். மறுபடி ‘ஹயிர்’. பின்னால் நின்ற பெண்மணி சிரித்துக்கொண்டே, வேனில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. யாரோ ஒருவரின் தந்தை இறந்து நாற்பதாம் நாள். அவர் ஆன்மாவுக்காக, தெருவில் போகிற எல்லோருக்கும் இனிப்பு.

துருக்கி மொழியில் ‘ஹயிர்’ என்பதற்கு ‘இல்லை’ என்றும் பொருள், ‘தர்மம்’ என்றும் பொருள். அந்தப் பையன் எதைச் சொன்னானோ!

கடலோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கிண்ணத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். கணவரின் திவசத்தன்று எள்ளும் தண்ணீரும் இறைத்தவன் மகன். மந்திரம் சொன்னவர் சாஸ்திரிகள். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு அன்றைக்கு இருந்த வேலை, அடுக்களையில் வாழைக்காய் வதக்குவது. யாரும் தவறாக நடத்தவில்லை, வழக்கம் அப்படி. ஆனாலும் அந்த நாள் தனக்குரியதாக இல்லை என்ற நெருடல் மட்டும் பெட்டியோடு சேர்ந்து கடல் தாண்டி வந்திருந்தது.

முகம் காட்டாத கொடை

இந்த ஊரில் கொடுப்பதற்கு ஒரு பழைய நாகரிகம் உண்டு. ஓட்டோமான் காலத்தில் ‘சதகா தாஷி’ என்று தர்மக் கற்கள் நட்டிருந்தார்கள். ஆள் உயரத் தூண், உச்சியில் ஒரு குழி. வசதி உள்ளவர் காசை அதில் போட்டுவிட்டுப் போவார். தேவைப்படுகிறவர் வந்து தேவையான அளவு எடுத்துக்கொள்வார். கொடுத்தவருக்கு வாங்கியவர் முகம் தெரியாது, வாங்கியவருக்குக் கொடுத்தவர் முகம் தெரியாது. உஸ்குதாரில் அப்படியொரு கல் இன்றும் நிற்கிறது. அதே பகுதியில் யெனி வாலிதே மசூதிச் சுவரில் பறவைகளுக்கென்று செதுக்கிய குட்டிக் கல் மாளிகைகள் இருக்கின்றன. அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள்.

எதிர்க்கரையில், சினான் என்ற மாபெரும் கட்டடக் கலைஞர் கட்டி 1557-ல் முடித்த சுலைமானியே மசூதி. எல்லோரும் குவிமாடத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ‘இமாரத்’ என்ற அன்னதானக் கூடமும் இருந்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஏழைகள், மாணவர்கள், வழிப்போக்கர்கள் என எல்லோருக்கும் அங்கே சாப்பாடு. சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் ஜெருசலேமில் நிறுவிய இமாரத், பல நூற்றாண்டு தாண்டியும் ஏழைகளுக்கு உணவு தந்து வருகிறது. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பைப் பார்த்து வளர்ந்த கடலூர்க்காரருக்கு இதெல்லாம் அந்நியமாகவே படவில்லை.

எல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடக் கூடாது. 2020-ல், கொரோனா காலத்தில், இஸ்தான்புல் மாநகராட்சி ‘தொங்கும் பில்’ என்றொரு திட்டம் கொண்டுவந்தது. கட்ட முடியாதவர்களின் தண்ணீர், எரிவாயு பில்களை, முகம் தெரியாத யாரோ ஆன்லைனில் கட்டிவிடலாம். ஊரே செழிப்பாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. விலைவாசி அங்கே கடுமையாக ஏறியிருக்கிறது. மலிவு விலையில் ரொட்டி விற்கும் ‘ஹல்க் எக்மெக்’ கூண்டுகளின் முன்னால் வரிசைகள் நின்றிருக்கின்றன.

அந்தப் பில் திட்டத்தின் பெயருக்கு மூலம் ‘அஸ்கிதா எக்மெக்’. தொங்கும் ரொட்டி. ரொட்டிக் கடைக்குப் போகிறவர் இரண்டுக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார். மற்றது யாருக்கோ. இல்லாதவர் வந்து, ‘‘தொங்கும் ரொட்டி இருக்கா?’’ என்று கேட்டால் போதும். ரொட்டி என்றால் அங்கே அத்தனை மரியாதை. கீழே விழுந்த துண்டைக்கூட எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள்.

ஒன்பதாம் நாள் மாலை, தங்கியிருந்த தெருமுனை ரொட்டிக் கடையில் இவர் நின்றார். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் 4 என்று எழுதியிருந்தது. ஐந்து ரொட்டிக்குப் பணம் வைத்து, கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையைச் சொன்னார்.

‘‘அஸ்கிதா.’’

கடைக்காரர் யாருக்காக என்று கேட்கவில்லை. 4-ஐ அழித்து 9 என்று எழுதினார். ஒரு தம்ளர் தேநீரை இவர் பக்கம் நகர்த்தினார்.

இரவு மகள் போன் செய்தாள். ‘‘சாப்பிட்டியாம்மா? இன்னைக்கு எங்க போன?’’

‘‘ரொட்டிக் கடைக்கு. அப்பாவுக்கு ஒரு வேலை இருந்துச்சு, முடிச்சுட்டு வந்தேன்.’’

மறுநாள் காலை பெட்டியை இழுத்துக்கொண்டு டிராமுக்குப் போகும் வழியில் கடையை எட்டிப் பார்த்தார். பலகையில் 2 என்றிருந்தது. உள்ளே புது ரொட்டி வெந்துகொண்டிருந்தது. வழிக்கு ஒரு சிமித் வாங்கிக்கொண்டார்.