சோம்பு மணக்கும் ஆண்பூ

கூனிமேட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி மேற்கே நடந்தால் கண்ணில் படுபவை பெரும்பாலும் வந்தேறிகள்தான். சவுக்கு ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்தது. முந்திரியும் மல்லாட்டையும் தென்னமெரிக்கச் சரக்கு. வேலிகாத்தானும் அமெரிக்கக் கண்டத்துக்காரன். இவற்றின் பூர்வீகத்தை யாரும் விசாரிப்பதில்லை. நூறு வருஷம் நின்றுவிட்டால் ஊர்க்காரர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

ஆனால் கழுவேலிப் பக்கம், ஒரு தென்னந்தோப்பின் ஓரமாக நிற்கும் நாற்பது சொச்சம் மரங்களை மட்டும் வழியில் போகிறவர்கள் எல்லாரும் விசாரிக்கிறார்கள். தூரத்தில் தென்னை மாதிரி தெரியும். கிட்டே போனால் மட்டையில் முள். அடிமரம் நெடுக வெட்டிவிட்ட மட்டைக் கட்டைகள், அவற்றின் இடுக்கில் பெரணி முளைத்துக் கிடக்கும். குலை வெளியே தொங்காது, மட்டைக்கும் தண்டுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். ஊரில் இதற்குப் பெயர் பாமாயில் மரம். தோப்புக்காரர் எனக்கு மாமா முறை.

"மானியத்துல கன்னு குடுத்தாங்க மாப்ள, வெச்சேன். குலை தள்ளுது. பாதி பதர்."

அந்தப் பதர்தான் என்னைத் தேட வைத்தது. 2007இலிருந்து ரேஷனில் மலிவு விலைக்குப் பாமாயில் வாங்கி வடை சுட்டுக்கொண்டிருக்கிறது தமிழ்நாடு. அந்த எண்ணெய் எந்த மரத்துடையது, அந்த மரம் எந்த ஊர் என்று நான் அதுவரை யோசித்தவனில்லை. மலேசியா என்று நினைத்திருந்தேன். கேட்டவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

மலேசியா அதற்குப் புகுந்த வீடுதான். பிறந்த இடம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காடு. அதிலும் காட்டின் நட்ட நடு இருட்டு அதற்கு ஆகாது. ஓடைக் கரை, சதுப்பு ஓரம், பெருமரம் விழுந்து வானம் திறந்த இடம், மக்கள் விட்டுப்போன பழைய ஊர் மனை, இங்கெல்லாம்தான் தழைக்கும். நைஜீரியாவிலும் கானாவிலும் வீட்டுச் சமையலில் ஊற்றுவது ரத்தச் சிவப்பான எண்ணெய். நம் பாக்கெட்டில் வருவது, அந்தச் சிவப்பை வெளுத்து, வாசத்தை நீராவியில் விரட்டிய பிறகு மிஞ்சும் வெளிர்மஞ்சள்.

இந்த மரத்துக்கு 1763இல் தாவரவியல் பெயர் வைத்தவர் ஜாக்கின். அவர் அதைப் பார்த்தது ஆப்பிரிக்காவில் இல்லை, கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில். அடிமைக் கப்பல்கள் போன வழியிலேயே மரமும் அங்கே போயிருந்தது. இந்த மரத்தின் கதையில் அடுத்தடுத்துத் தென்படுவதும் இதுதான். எங்கே போனாலும் கூடவே யாரையாவது ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கிறது.

1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்தன. அவற்றின் வாரிசுகளைச் சுமத்ராவின் டெலி பகுதிப் புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காகச் சாலையோரம் நட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அவை வெறும் அலங்காரம். 1911இல் பெல்ஜியக்காரர் ஆட்ரியன் ஹாலே சுமத்ராவில் அதை வியாபாரப் பயிராக்கினார். அவரிடமிருந்து விதை வாங்கிப்போன பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, 1917இல் மலாயாவின் சிலாங்கூரில், காப்பி சரியாக வராமல் போன ஒரு நிலத்தில் நட்டார். மலேசியாவின் முதல் வணிகப் பாமாயில் மரத் தோட்டம் அது. தோட்டத்தின் பெயரைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். தென்னமரம்!

இன்றும் அந்தப் பெயரில் அங்கே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஃபோக்கோனியே பின்னால் எழுத்தாளராகி, மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கினார். நட்டவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. குழி எடுத்தவர்கள் பெயர் நிற்கவில்லை. சிலாங்கூர்த் தோட்டங்களில் வேலைக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஊர் ஊராக ஆள் திரட்டிய கங்காணிகள் நுழைந்த மாவட்டங்களில் தென்னாற்காடும் ஒன்று. கூனிமேடு அப்போது தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினால் பினாங்கு. 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை அந்த ஓட்டம் நிற்கவில்லை.

மரக்காணம் பக்கம் ஒரு ஆயா இருக்கிறார். மலாயாத் தோட்டத்தில் பிறந்தவர். வேலை அனுமதிச் சட்டம் வந்து, 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் திரும்ப வேண்டியிருந்தபோது வந்தவர். பாமாயில் மரம் என்று நான் சொன்னதும், "செம்பனைன்னு சொல்லுப்பா" என்றார். மாமாவின் குலையில் பாதி பதர் என்றேன். சிரித்தார்.

"பவுடர் அடிச்சியா?"

இங்கேதான் எனக்கு வழி திறந்தது. செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் தனித்தனிப் பாளையில், வேறு வேறு சமயத்தில். எனவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். மலாயாவில் அது சரியாக நடக்கவில்லை, குறிப்பாக இளம் மரங்களில். அதனால் ஆண்பூவை வெட்டி உலர்த்தி, மகரந்தத்தைத் தட்டி எடுத்து, முகத்துக்குப் போடும் பவுடர் போன்ற வெள்ளைப் பொடியில் கலந்து, விரிந்த பெண்பாளை ஒவ்வொன்றிலும் ஊதிவிட்டார்கள். ஆயா அந்த வேலைக்குப் போனவர். பாளை இரண்டு மூன்று நாள்தான் ஏற்கும் நிலையில் இருக்கும் என்பதால் திரும்பத் திரும்ப வரிசை சுற்ற வேண்டும், முள் கையைக் கிழிக்கும், பாம்பு இருக்கும். அவர் சொன்னதை நான் படித்த எந்த விவசாயக் கையேட்டிலும் காணவில்லை. கையேடுகளில் அது 'துணை மகரந்தச் சேர்க்கை' என்று ஒரு வரி.

காட்டில் இந்த வேலையை யார் செய்தார்கள்? காற்று என்றுதான் வெகுநாள் நம்பியிருந்தார்கள். கேமரூனில் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரிக்கு அதில் சந்தேகம். அங்கே ஊதாமலே குலை நிறைகிறது, பூவில் பூச்சிகள் மொய்க்கின்றன. 1970களின் பிற்பகுதியில் ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் கேமரூன் போய் ஆராய்ந்தார். விடை, எள்ளளவு இருக்கும் ஒரு கூன்வண்டு. ஆண்பூ விரியும்போது சோம்பு வாசம் அடிக்கும், வண்டு அதைத் தேடி வந்து பூவைத் தின்று, வாடும் பூவிலேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். பெண்பூவும் அதே வாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஏமாற்றும். ஏமாந்து வந்த வண்டு மகரந்தத்தை உதறிவிட்டுப் போகும். வேறு பயிரைத் தொடாது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் பக்கம் அதை விட்டார்கள். கொஞ்ச காலத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவியது. பவுடர் ஊதும் வேலை அதோடு முடிந்தது. அதுவரை பல வருஷம் ஒரு வண்டின் வேலையை மனிதர்கள் செய்திருக்கிறார்கள், அதில் நம்மவர்கள் எத்தனையோ பேர்.

இந்தியாவுக்கு அந்த வண்டு 1985இல் கேரளம் வழியாக வந்தது. கொல்லம் மாவட்டத்தில் ஏரூர்ப் பக்கம் இருக்கும் அரசுத் தோட்டத்தைப் பார்க்க, செங்கோட்டை வழியாகப் போனேன். 1977இல் தொடங்கிய நிறுவனத்தின் தோட்டம். ஒரு ஆண்பாளையைக் காட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். அப்பட்டமான சோம்பு. விரல் விரலான கதிர்களில் பழுப்பு வண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மாமாவின் மரத்தில் ஒரு ஆண்பாளையை வெள்ளை வேட்டி விரித்து உதறினேன். மஞ்சள் தூள் கொட்டியது. எறும்புகள் விழுந்தன. வண்டு ஒன்றுகூட இல்லை.

ஏரூரில் இன்னொன்றும் பார்த்தேன். அதை மாமாவிடம் சொல்லத்தான் தயக்கம். அங்கே மழை வருஷத்தில் பல மாதம் பெய்கிறது. செம்பனைக்கு 2,000 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை வேண்டும், அதுவும் பரவலாக. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் போய்விடும். கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் அளவில் தண்ணீர் விட வேண்டும். 9 மீட்டர் முக்கோணமாக நட்டால் ஏக்கருக்கு 57 மரம். தினம் 11,400 லிட்டர். நெல் இதைவிட அதிகம் குடிக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் நெல் நாலு மாதத்தில் அறுவடையாகிவிடும், இது 25 வருஷம் நிற்கும். கடல் ஒரு பக்கம், கழுவேலியின் உப்புத் தண்ணீர் இன்னொரு பக்கம், நடுவில் இருக்கும் நல்ல தண்ணீரை உறிஞ்சினால் எது உள்ளே வரும் என்று உப்பளத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் குறைந்தால் இந்த மரம் வாடிக் காட்டாது, அதுதான் தந்திரம். பாளை ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்பே குருத்துக்குள் முடிவாகிவிடுகிறது. வறட்சி கண்ட மரம் ஆண்பாளையாகத் தள்ளும். இந்தச் சித்திரையில் மோட்டார் ஓடாததன் பலன் அடுத்ததற்கு அடுத்த சித்திரையில்தான் தெரியும். அதற்குள் காரணம் மறந்துபோய் உரத்தின் மேல் பழி விழும்.

மற்ற பராமரிப்பு அத்தனை கஷ்டமில்லை. முதல் மூன்று வருஷம் வரும் பாளைகளைக் கிள்ளி எறிந்தால் தண்டு பருக்கும். காண்டாமிருக வண்டு தென்னைக்கு வருவதுபோலவே இதற்கும் வரும். சொந்த மரத்துப் பழத்தை முளைக்க வைத்து நடக்கூடாது. நடுவது தடித்த ஓட்டு டூராவும் ஓடில்லாத பிசிஃபெராவும் சேர்ந்த டெனெரா என்ற கலப்பினம். 1941இல் பெல்ஜியக் காங்கோவின் யங்காம்பி ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு அது. டெனெராவின் விதை பெற்றோர் குணத்துக்குப் பிரிந்து போய்விடும். தண்ணீரும் வண்டும் இருந்தால் ஹெக்டேருக்கு 4 டன் எண்ணெய் வரை கிடைக்கும். மல்லாட்டையில் அதில் கால்வாசி வந்தாலே பெரிது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனை இயக்கம் அறிவித்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம். உலகத்திலேயே அதிகம் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு நாம். கணக்கில் தப்பில்லை. கோதாவரிக் கரைக்குப் பொருந்தும் கணக்கைக் கழுவேலிக் கரைக்கும் எழுதுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டு கொண்டுவருவது சுலபம், வண்டு இருக்கும் தோப்பிலிருந்து ஆண்பாளை நாலைந்து வெட்டிவந்து மரத்தில் கட்டினால் போதும் என்றேன். அவர் வெட்டிப்போட்ட குலை ஒன்றைக் காலால் புரட்டினார். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் பழத்துக்குள்ளேயே எண்ணெய் புளிக்க ஆரம்பிக்கும். அந்தக் குலை மூன்று நாளாகக் கிடந்தது.

"வண்டு வந்துடும் மாப்ள. நாப்பது மரத்துக்கு லாரி வருமா?"

வராது. சாலையோரம் இருக்கும் வரிசையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கார்த்திகைப் பட்டத்துக்கு மல்லாட்டை போடப்போவதாகச் சொல்கிறார். மிச்ச மரங்களை வைத்துக்கொள்வாராம். விசாரிக்க வருகிறவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே என்கிறார்.